கம்ப்ரசரும் என் வலது முட்டியும்

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், காற்றின்மேல் கம்ப்ரசர் வைத்திருக்கிற நம்பிக்கையை வேறொருவர் கடவுள்மேல்கூட வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

கம்ப்ரசர் என்பது அவருடைய பெயர் இல்லை. வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் அவருக்கே அது ஞாபகம் வரும். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தவர். வாழ்நாள் முழுக்க ரிக் வண்டியின் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றே பேசியதால், அவருக்குத் தெரிந்த ஒரே குரல் அந்த இரைச்சலைத் தாண்டுகிற குரல். 'ஒரு ரகசியமுங்க' என்று நம் காதருகே குனிந்தாரானால் பக்கத்துத் தோட்டத்தில் நாய் குரைக்கும்.

ரிக்கில் பூமிக்குள் காற்றை அடித்துத்தான் கல்தூளை வெளியே தள்ளுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எந்தப் பிரச்சினையையும் ஒரு அடி காற்றில் தீர்த்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். மாட்டுத்தொழுவம் சுத்தமாவது காற்றில். நிலக்கடலைத் தோல் பறப்பது காற்றில். பேத்தியின் சீருக்குப் போட்ட பந்தல் மழையில் நனைந்துவிட, அதைக் காயவைக்கக் காற்றடித்ததில் பந்தலே பக்கத்து ஊருக்குப் போய்விட்டது என்று சொல்வார்கள். கேட்டால் அவர் திருத்துவார்: "பக்கத்து ஊரெல்லாம் பொய்யிங்க. ரோட்டுக்கு அக்கட்டதான் கெடந்துது."

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டியதற்கு என் கிறுக்குத்தான் காரணம்.

எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம், ஃபேர்லேண்ட்ஸில் வீடு. இரண்டுக்கும் நடுவில், எங்கே போனாலும் எனக்கு முன்னால் போய்ச் சேர்கிற ஒரு தொப்பை. அறுபதை நெருங்கும்போது அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் போனேன். அங்கே கடலில் ஓர் ஆள் தண்ணீரைத் தொடாமல் பறந்து போனான். காலுக்குக் கீழே ஒரு பலகை. பலகைக்கு அடியில் ஒரு தண்டு, தண்டின் நுனியில் குட்டி விமானம் மாதிரி ஒரு உலோகச் சிறகு. கையில் காற்றடைத்த பெரிய இறக்கை ஒன்று, யாரோ வௌவாலைப் பிடித்து இஸ்திரி போட்ட மாதிரி. காற்று இறக்கையை இழுக்க, வேகம் பிடித்ததும் அடிச்சிறகு பலகையையும் ஆளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுகிறது. விங் ஃபாயிலிங் என்றார்கள். பிண்டம் கரைத்த வேட்டி காய்வதற்குள் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். புண்ணியம் தேடிப் போனவன் பலகையோடு திரும்பி வந்ததை என் மனைவி இன்றுவரை சொந்தக்காரர்களிடம் முழுசாகச் சொல்லவில்லை.

சேலத்தில் கடல் இல்லை. அதற்காக ஓய்ந்துவிடுகிற ஆளா நான்? திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ஏரி பிடித்தேன். ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே மீன் குத்தகை எடுத்தவர் ஏற்கனவே என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த ஏரியில் வேட்டியை அவிழ்க்கிற வேகத்தில் வீசும். முதல் நாள் காலை முழுக்க ஏறினேன், விழுந்தேன், ஏறினேன், விழுந்தேன். கரையில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் ஏரியின் மறுகரை வரை கேட்கும்படி விசாரித்தார்.

"ஏனுங்க சாமி, உள்ளார எதைத் தொலைச்சுப்போட்டீங்க?"

அவர்தான் கம்ப்ரசர்.

விளக்கிச் சொன்னேன். காற்றில் ஓடுவது என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் மாறிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து எனக்கு முன்பாக ஏரிக்கு வந்துவிடுவார். காற்று பார்க்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். செல்போனில் நான் காற்றின் வேகம் பார்த்தால் சிரிப்பார். ஏரிக்கு மேற்கே ஒரு கோழிப்பண்ணை. அங்கிருந்து வாசம் வந்தால் காற்று சரி, வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் அவருடைய வானிலை அறிக்கை. மூக்கை உயர்த்தி ஒரு இழு இழுத்து, "இன்னைக்கு முட்டை வாசந்தானுங்க வருது. எரு வாசம் வரோணும். அப்பத்தான் பலகை எந்திரிக்கும்" என்பார். ஒரு நாளும் தப்பியதில்லை.

நான் பலகையில் நாலைந்து முறை எழுந்து நின்றிருப்பேன். அதற்குள் முட்டி போய்விட்டது.

பலகையால் போகவில்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்துவிடுகிறேன். கடை மெத்தையில் வருஷக்கணக்காகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பருப்பு விற்றதில் வலது முட்டி சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால் ஊர் நம்புமா? 'குட்டிக்கரணம் அடிச்சாருல்ல, அதான்' என்று ஃபேர்லேண்ட்ஸ் முழுக்கப் பேச்சு. மார்கழியில் முட்டி மாற்று அறுவை சிகிச்சை. தேய்ந்ததை எடுத்துவிட்டு உலோகம் வைத்தார்கள்.

ஆப்பிள், ஹார்லிக்ஸ் சகிதம் எல்லோரும் பார்க்க வந்தார்கள். கம்ப்ரசர் வெறுங்கையோடு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட முட்டியைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மருத்துவமனை மொத்தமும் கேட்கக் கேட்டார்.

"கேசிங் பைப்பு எத்தன அடிக்கு எறக்கியிருக்காங்க?"

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கம்ப்ரசர் எழுந்து கும்பிட்டார். "டாக்டருங்களா? டிரில் பிட்டு என்ன சைசுங்க போட்டீங்க? எலும்பு பாறையாட்ட இருந்துச்சுங்களா, இல்ல பொலபொலன்னு சுக்காம்பாறைங்களா?"

டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேரும் துளை போடுகிற தொழில். சூடாகாமல் பிட்டை எப்படித் தணிப்பது, பாதியில் உடைந்தால் எப்படி எடுப்பது என்று வெகுநேரம் பேசினார்கள். முட்டிக்குச் சொந்தக்காரன் ஒருவன் அங்கே படுத்திருக்கிறான் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். போகும்போது கம்ப்ரசர் எனக்குத் தீர்ப்புச் சொன்னார்: "போச்சாதுங்க சாமி, கவலைய வுடுங்க. நல்ல கைதான். புது இஞ்சின் போட்டாப்ல நெனச்சுக்கங்க. மெதுவா ஓட்டிப் பழக்கற ரன்னிங் இன் மட்டும் நாம பாத்துக்கலாம்."

நாம என்றது சும்மா வார்த்தைக்கு இல்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பயிற்சிக்குமேல் அவருடைய பயிற்சியும் சேர்ந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் ஏரிக்கரையில் நடை. நான் கொஞ்சம் வேகம் எடுத்தால் பின்னாலிருந்து, "மூணாவது கியர் வேண்டாமுங்க, ரெண்டுலயே வாங்க" என்று சத்தம் வரும். கரையில் வருகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வீட்டில் நிலைமை வேறு. நான் படுத்திருந்த மாதங்களில் என் பலகை மொட்டை மாடிக்குப் போய்விட்டது. அதன்மேல் மனைவி வடாம் பிழிந்து காயவைத்திருந்தாள். நான் பார்த்ததைப் பார்த்தும் அவள் வடாத்தை எடுக்கவில்லை.

"ஏனுங்க, நல்லாத்தான இருக்குது? சூடு சீக்கிரம் ஏறுது" என்றாள்.

"அது பறக்கற பலகை."

"எங்க பறந்துச்சு? நான் பாத்ததே இல்லியே. கண்ணுல காட்டுங்க, நம்பறேன். இந்த ஆடி முடியறதுக்குள்ள அது மேல ஏறி நின்னு காட்டீட்டீங்கன்னா வெச்சுக்கங்க. இல்லீனா எங்க தம்பி ஊட்டுக்கு அனுப்பிருவேன், துணி தேய்க்கறதுக்கு."

கேலிதான். ஆனால் மச்சினன் வீட்டில் அந்தப் பலகைமேல் அவனுடைய வேட்டி விரிந்து கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். அதன் பிறகு நான் என்னவாக இருப்பேன்? படியேறுமுன் கைப்பிடியைத் தேடுகிறவன். கல்யாண வீட்டில் பந்திக்கு முன் மேஜை நாற்காலி இருக்கிறதா என்று விசாரிக்கிறவன். 'முட்டி ஆபரேசன் பண்ணுனவரு' என்று யாரோ யாரிடமோ அடையாளம் சொல்கிற ஆள். பலகையில் இன்னொரு முறை நின்றுவிட்டால் போதும், அந்த ஆளாக மாறுவதை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று பட்டது.

ஆனி மாதப் பரிசோதனையில் டாக்டரிடம் வீடியோ காட்டினேன். பார்த்தார். "இந்தத் தொப்பை யாரு?" என்றார். நான்தான் என்றேன். யோசித்துவிட்டு, "மெதுவா ஆரம்பிங்க. தண்ணியில விழுந்தாப் பரவாயில்லை, கரையில விழுந்துடாதீங்க" என்றார்.

அனுமதி கிடைத்த செய்தி கேட்டுக் கம்ப்ரசர் செய்த காரியத்தைச் சொல்கிறேன். இறக்கைக்குக் கைப்பம்பில்தான் காற்றடிக்க வேண்டும். புது முட்டியை வைத்துக்கொண்டு நான் குனிந்து நிமிர்ந்து அடிப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க இது, குருவி தண்ணி குடிக்கறாப்ல. நாளைக்கு நான் பாத்துக்கறேன்."

மறுநாள் ஏரிக்கரையில் ஒரு லாரி நின்றது. லாரிமேல் ரிக் கம்ப்ரசர். சர்வீசுக்காக நிறுத்தியிருந்த வண்டியை, மகன்கள் வெளியூர் போயிருந்த நேரத்தில் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொல்லிவிட்டு, குழாய் நுனியை இறக்கையின் வாயில் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான்.

"ஒரு தும்மல் மாதிரி வுட்டாப் போதுமுங்க" என்று வால்வைத் தொட்டார்.

இறக்கை உப்பியது. நிமிர்ந்தது. இதற்குமுன் எந்தக் காற்றிலும் நிற்காத கம்பீரத்தோடு ஒரு நொடி நின்றது. அடுத்த நொடி நான் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கை வெடித்த சத்தத்தில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் கொல்லிமலைப் பக்கம் போய்விட்டன. கோழிப்பண்ணையில் அன்றைக்கு முட்டையே விழவில்லை என்று பண்ணைக்காரர் இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார். என் கையில் குழாய் மட்டும் இருந்தது.

"முட்டிக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்று ஓடிவந்தார் கம்ப்ரசர். மற்ற உறுப்புகளைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

சாயந்திரத்துக்குள் அவருடைய பெரிய மகனுக்குச் செய்தி போய்விட்டது. போனில் அவன் குரல் எனக்கே கேட்டது. "அப்பா, அது ஆயிரம் அடி ஓட்டை போடற மிசினுப்பா. பலூன் ஊதறதுக்கில்ல. பேசாம ஊட்ல ரெஸ்ட் எடுங்களேன்."

போனை வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்தார். அவர் சத்தமில்லாமல் பேசி அன்றுதான் கேட்டேன்.

"பசங்க ரிக்குப் பக்கமே அண்ட வுடறதில்லீங்க. ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடுங்கறானுங்க. எந்த ரிக்குங்க ரெஸ்ட் எடுத்து நல்லா இருந்துருக்குது? துருவுதான் புடிக்கும்."

"இறக்கையை எங்கண்ணா தைக்கலாம்?" என்று கேட்டேன். முகம் சட்டென்று தெளிந்துவிட்டது.

நாமக்கல்லில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். உள்ளே இருக்கிற காற்றுப்பைக்குப் பஞ்சர் கடையில் வைத்தியம், வெளியே பச்சைத் தார்ப்பாயில் ஒட்டு. அந்தத் துண்டு ஏதோ பழைய லாரியுடையது. அதில் 'துணை' என்று பெரிதாக எழுதியிருந்தது. எந்தச் சாமி என்பது கிழிந்த பாதியோடு போய்விட்டது.

அடுத்த வில்லங்கம் மண்டியிடுவது. பலகையில் முதலில் இரண்டு முட்டியையும் ஊன்றி உட்கார்ந்து, காற்று இழுத்ததும் எழுந்து நிற்க வேண்டும். புது முட்டியை ஊன்றினால் ஓட்டாஞ்சில்லின்மேல் ஊன்றியது மாதிரி ஒரு கூச்சம். கம்ப்ரசர் முதலில் லாரி டிரைவர் சீட்டுப் பஞ்சை, சிவப்பு ரெக்சினும் மஞ்சள் குஞ்சமுமாக, பலகையில் வைத்துக் கட்டினார். பலகை மெத்தை கண்ட சோம்பேறி மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு யோசித்தார்.

"லாரிக்கு ஜாக்கி போடறப்ப எப்படீங்க குந்துவீங்க?"

"நான் ஜாக்கி போட்டதில்லீங்ணா. பருப்புதான் போட்டிருக்கேன்."

தன் பட்டறைக்கு அழைத்துப் போய் லாரிக்கு அடியில் உட்கார வைத்தார். இடது முட்டி தரையில், வலது பாதம் முன்னால் ஊன்றி. அங்கிருந்து ஜாக்கிக் கம்பியைப் பிடித்தபடியே எழ வேண்டும். அப்படி ஏறினால் புது முட்டி தரையைத் தொடவே தொடாது. வாரக்கணக்கில் அவர் பட்டறையில் நான் இல்லாத ஜாக்கிக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தேன். வேலையாட்கள் என்னைத் தாண்டிப் போகும்போது, "என்னங்க, டயர் கழண்டுச்சுங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

ஆடி பிறந்தது. ஏரியில் இறங்கினேன். விழுந்தேன். முன்னால் விழுந்தேன், பின்னால் விழுந்தேன், ஒருமுறை மேல்நோக்கி விழுந்தேன் என்றுகூடச் சொல்லலாம். கரையில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள்.

"பாவம், பெரிய மனுசன். அம்மனுக்கு வேண்டுதலாட்ட இருக்குது."

"மண்டி போட்டு மண்டி போட்டு உழுகறாரு பாரு." ஒரு பெண் என்னிடமே கேட்டுவிட்டாள். "ஏனுங்க சாமி, எந்தக் கோயிலுக்குங்க?"

மூச்சு வாங்கியதில், "ஃபேர்லேண்ட்ஸ் பக்கமுங்க" என்றேன்.

"சக்தியான அம்மனாத்தான் இருக்கோணும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இப்படியே ஆடியின் கடைசி வாரம் வந்துவிட்டது. கையோடு தீர்ப்பும் சொல்லிவிடலாம் என்று மனைவியும் புளிசாதத் தூக்கோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். காலையெல்லாம் காற்று வரும், போகும். விழுந்து விழுந்து எனக்குக் கை சோர்ந்துவிட்டது. போதும், மச்சினன் வேட்டி தேய்த்துக்கொள்ளட்டும் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். கரைக்குத் திரும்பலாம் என்று பலகையைத் திருப்பும்போது கம்ப்ரசர் கத்தினார்.

"இருங்க சாமி. எரு வாசம் வருது."

எனக்கும் வந்தது. மூக்கைப் பிடிக்கிற அளவுக்கு வந்தது. இடது முட்டியை ஊன்றினேன், வலது பாதத்தை முன்னால் வைத்தேன். 'துணை' என்ற எழுத்து தலைக்குமேல் விரிந்து இழுத்தது. இல்லாத ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பலகைக்கு அடியில் சலசலத்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றுபோனது. கீழே பார்த்தேன். ஏரி எனக்கும் கீழே இருந்தது. என் முட்டி, என் தொப்பை, என் கடைப் பாக்கி எதற்கும் கனமே இல்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. திரும்புவது எப்படி என்று எனக்குத் தெரியாது. அதை ராமேஸ்வரத்தில் அடுத்த வகுப்பில் சொல்லித் தருவதாக இருந்தார்கள். அடுத்த வகுப்புக்குள் முட்டி போய்விட்டது. எனவே நேராகப் போனேன். மீன் குத்தகைக்காரரின் பரிசலைத் தாண்டிப் போனேன். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குக் கும்பிடு போட்டார். ஏரி முடிகிற இடத்தில், ஆகாயத்தாமரைக்குள், பாக்குமட்டைத் தட்டில் இட்லி விழுவது மாதிரி மெதுவாக உட்கார்ந்தேன்.

கரையேறித் திரும்பிப் பார்த்தால், அக்கரையில் மனைவி, மண்வெட்டிப் பெண்கள் எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டமாக நிற்கிறார்கள். சைக்கிளில் டீக்காரர் வந்திருக்கிறார். என் வாழ்நாள் சாதனையை அத்தனை பேரும் டீக்கு விட்டுவிட்டார்கள்.

ஏரியைச் சுற்றிக்கொண்டு கரைமேல் ஒரு மொபெட் வந்தது. வருவதற்குமுன் குரல் வந்துவிட்டது. "ஒரு எட்டு வெக்காதீங்க சாமி. அங்கயே நில்லுங்க."

கம்ப்ரசர் வந்து இறங்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் செல்போன் அடித்தது. என் மனைவி. "ஏனுங்ணா, அவரு எங்க? உழுந்துட்டாருங்களா?"

"உழுகறதா? நின்னாருங்க அம்மிணி" என்றார். போனே தேவைப்படாத சத்தம். "இந்தக் கோடியில எந்திரிச்சு அந்தக் கோடிவரைக்கும் நின்னுக்கிட்டே போனாரு. என்ற கண்ணால பாத்தேன். பலகைய ஆருக்கும் குடுக்காதீங்க."

"நீங்க சொன்னாச் சரிங்ணா" என்றாள் மனைவி. நான் சொல்லி அவள் இத்தனை சீக்கிரம் எதையும் ஒத்துக்கொண்டதில்லை.

கம்ப்ரசர் மொபெட்டின் பின் சீட்டில் தன் துண்டை நாலாக மடித்துப் போட்டார். என்னைத் திருப்பி நிறுத்தினார். குனிந்து, என் வலது காலை இரண்டு கையாலும் ஏந்தி, புது டிரில் ராடை எடுத்து வைக்கிற மாதிரி, மெல்லத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். பாதம் சரியாக ஊன்றியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஏரிய சுத்தி நடக்கறதெல்லாம் ஆகாதுங்க. நானில்லாம என்ன பண்ணியிருப்பீங்க? வலிக்குதுங்களா?"

"கொஞ்சம்" என்றேன்.

ஒவ்வொரு குழியையும் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு கல்லுக்கும் ஒதுங்கி, அவர் வண்டியை ஓட்டிய வேகத்துக்கு நான் நடந்து வந்திருந்தால் பாதிநேரத்தில் டீக்காரரிடமே போய்ச் சேர்ந்திருப்பேன். முட்டியில் துளி வலி இல்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் மெதுவாப் போங்ணா" என்றேன்.